ஒரு கையும் ஒரு நகரமும்

1989-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் தலைநகரான பிராக் நகரத்துத் தெருக்களில் மக்கள் அணி அணியாகத் திரண்டனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த பொதுவுடைமைக் கட்சியின் தனியாட்சி சில வாரங்களில் சரிந்தது. வார்சாவிலும் புடாபெஸ்டிலும் கிழக்கு பெர்லினிலும் புக்கரெஸ்டிலும் அதே ஆண்டில் அதே மாற்றம் நிகழ்ந்தது. அதன்பின் அந்நகரங்களின் தெருக்களுக்குக் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பலர் வந்தனர். மாறிக்கொண்டிருந்த கடைப் பலகைகளையும், பீடத்திலிருந்து இறக்கப்பட்ட சிலைகளையும், டிராம் வண்டிக்காகக் காத்து நின்ற கிழவியரையும் படம் பிடித்தனர். அன்றாட வாழ்க்கையைத் தெருவில் நின்று படமெடுக்கும் கலைக்கு அது ஓர் அறுவடைக் காலம்.

ஆனால் மாற்றத்தை அறிய வேண்டுமானால், மாறுவதற்கு முன் இருந்த நிலையும் தெரிய வேண்டும் அல்லவா? பிராக் நகரின் தெருக்கள் முன்பு எப்படி இருந்தன, மழை நாளில் கருங்கல் பாவிய வீதி எப்படி மின்னியது, புறநகரின் சேற்று வழி எங்கே போய் முடிந்தது என்று தேடுவோர், கடைசியில் ஒரு மனிதரின் படங்களுக்கு முன் வந்து நிற்கிறார்கள். அம்மனிதர் 1989-ஆம் ஆண்டு மாற்றத்தைக் காணவில்லை. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். மன்னராட்சி, குடியரசு, அயலார் ஆட்சி, பொதுவுடைமை ஆட்சி ஆகிய நான்கையும் ஒரே நகரத்தில் இருந்தபடியே கண்டவர் அவர். அவருக்கு வலக்கை இல்லை. அவர் பெயர் யோசெப் சூடெக்.

இளமை

பொஹீமிய நாட்டில், எல்பே ஆற்றங்கரையில் கோலின் என்றொரு சிற்றூர் உண்டு. 1896-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் சூடெக் அங்கே பிறந்தார். அப்போது பொஹீமியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதி. தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். தாயார்தான் யோசெப்பையும் அவர் தங்கை பொசேனாவையும் வளர்த்து ஆளாக்கினார்.

வறுமையில் வளரும் பிள்ளைக்குக் கைத்தொழில் ஒன்று வேண்டும். எனவே சூடெக் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்கப் பிராக் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். தாளை மடிப்பதும், நூலால் தைப்பதும், அட்டைக்குத் தோல் ஒட்டுவதும் பொறுமையும் விரல் நுட்பமும் வேண்டும் வேலைகள். அங்கே உடன் வேலை செய்த ஒருவர்தாம் அவருக்குப் புகைப்படக் கலையை அறிமுகம் செய்தார். தங்கை பொசேனாவும் அதே கலையைப் பயின்றார். அந்நாளில் சூடெக்குக்குக் காமிரா ஒரு விளையாட்டுப் பொருளே. பிழைப்புக்குப் பைண்டிங், பொழுதுபோக்குக்குப் படம் என்று வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. இரண்டு தொழிலுக்கும் இரண்டு கைகள் இருந்தன.

போர்

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு சூடெக் படையில் சேர்க்கப்பட்டு, பின் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் காமிராவை விடவில்லை. போர்க்களத்துக்குப் பின்னே இருந்த நிலங்களையும், உடன் இருந்த வீரர்களையும் படமெடுத்துச் சிறு ஆல்பங்களாகச் சேர்த்து வைத்தார்.

1917-ஆம் ஆண்டு ஒரு தாக்குதலின்போது வெடிகுண்டுச் சிதறல் அவருடைய வலக்கையைத் தாக்கியது. தம் பக்கத்துப் பீரங்கியே பின்னாலிருந்து சுட்டதால் வந்த காயம் அது என்று அவரே பிற்காலத்தில் நண்பர்களிடம் சொன்னதுண்டு. புண் சீழ்ப்பிடித்தது. மருத்துவர்கள் கையைத் தோள்பட்டையோடு வெட்டி எடுத்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அடுத்த மூன்று ஆண்டுகள் மருத்துவமனைகளிலும் போரில் உறுப்பிழந்தோர் இல்லங்களிலும் கழிந்தன. அவர் மருத்துவமனையில் கிடந்த காலத்திலேயே, 1918-ஆம் ஆண்டு அக்டோபரில், அவர் எந்தப் பேரரசுக்காகக் கையைக் கொடுத்தாரோ அந்தப் பேரரசு உலகப் படத்திலிருந்து மறைந்தது. செக்கோஸ்லோவாகியக் குடியரசு தோன்றியது. கையை வாங்கிக்கொண்ட அரசும் இல்லை, கையும் இல்லை.

இனிப் புத்தகம் பைண்டு செய்ய முடியாது. அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் வாய்ப்பு வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. உறுப்பிழந்த வீரருக்குரிய சிறிய உதவித்தொகையை நம்பிக்கொண்டு, புகைப்படக் கலையையே வாழ்க்கையாக்கிக்கொள்ளத் துணிந்தார். இந்தத் துணிவின் அளவை நாம் உணர வேண்டுமானால் அந்நாளைய காமிராவை நினைத்துப் பார்க்க வேண்டும். அது சட்டைப் பையில் அடங்கும் கருவி அன்று. மரப்பெட்டியும், துருத்தியும், கண்ணாடித் தகடுகளும், முக்காலியும் சேர்ந்த ஒரு மூட்டை. அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். முக்காலியை நிறுத்த வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் காட்சியைச் சரிபார்க்க வேண்டும். தகட்டை நுழைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் அவர் இடக்கையால் செய்தார். அது போதாத இடத்தில் பற்களால் பிடித்துக்கொண்டார்.

பள்ளியும் நண்பரும்

பிராக் நகரின் கார்லின் பகுதியில் இன்வாலிடோவ்னா என்னும் பெரிய பழைய கட்டடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் உறுப்பிழந்த படைவீரருக்காகவே எழுப்பப்பட்டது அது. 1922-ஆம் ஆண்டு முதல் 1927 வரையில் சூடெக் அங்கிருந்த வீரர்களைப் படமெடுத்தார். அப்படங்களில் போரின் ஆரவாரம் இல்லை. சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் வெயில்; அந்த வெயிலில் மிதக்கும் தூசியும் புகையும்; மேசையருகே குனிந்து அமர்ந்திருக்கும் மனிதர்கள். தம்மைப் போல் இழந்தவர்களின் நடுவே நின்று அவர் கண்டது துன்பத்தை மட்டும் அன்று. பொழுது கழியும் விதத்தையும் கண்டார். அன்றாட வாழ்க்கையைப் பார்க்கும் கண் அங்கேதான் அவருக்குத் திறந்தது.

அதே 1922-இல் பிராக் அரசினர் வரைகலைப் பள்ளியில் சேர்ந்து, கார்ல் நோவாக் என்னும் ஆசிரியரிடம் இரண்டு ஆண்டுகள் முறையாகப் பயின்றார். கோலினில் வளர்ந்த யாரோமீர் புங்கே என்பவர் அவருக்கு உற்ற நண்பர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். புகைப்படத்தை ஓவியம் போல் தோன்றச் செய்வதற்காகக் கையால் திருத்தியும் மங்கலாக்கியும் காட்டிய பழைய வழக்கத்தை இவர்கள் ஏற்கவில்லை. மூத்தோர் நடத்திய சங்கத்தோடு மோதினர், வெளியேற நேர்ந்தது. 1924-இல் தோழர்களோடு சேர்ந்து செக் புகைப்படச் சங்கம் என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்தனர். இளைஞர் சங்கம் அமைப்பது எல்லா நாட்டிலும் இப்படித்தான் தொடங்குகிறது போலும்!

பிராக் கோட்டையின் உச்சியில் தூய விட்டஸ் பேராலயம் நிற்கிறது. 1344-ஆம் ஆண்டு தொடங்கிய அதன் கட்டட வேலை, இடையில் நூற்றாண்டுக் கணக்கில் நின்று நின்று, 1929-இல்தான் முடிவுற்றது. அந்தக் கடைசி ஆண்டுகளில் சூடெக் காமிராவோடு ஆலயத்துக்குள் சென்றார். பிறர் கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் தேடியபோது, அவர் கொத்தர்கள் போட்டுவிட்டுப் போன மண்வெட்டியையும், தள்ளுவண்டியையும், கயிற்றுச் சுருளையும், பலகைக் குவியலையும் கண்டார். உயர்ந்த தூண்களின் நடுவே ஒளி ஒரு கற்றையாக இறங்கி அந்தத் தட்டுமுட்டுச் சாமான்களின் மேல் விழுவதற்காகப் பல நாள் காத்திருந்தார். அப்படங்களில் 15-ஐத் தேர்ந்தெடுத்து, குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவான 1928-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டனர். கோயிலைக் கட்டியவன் கூலியாள் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அத்தொகுப்பு சொல்லிற்று.

தேடிப்போன கை

1926-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சூடெக்கின் வாழ்க்கையில் விட்டுவிட முடியாது. செக் பிலார்மோனிக் இசைக்குழுவைச் சேர்ந்த நண்பர்கள் இத்தாலியில் இசை நிகழ்ச்சிகள் நடத்தப் புறப்பட்டபோது, அவரையும் உடன் அழைத்துச் சென்றனர். ஊர் ஊராகச் சென்றார்கள். ஓரிரவு, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே சூடெக் எழுந்து வெளியே போய்விட்டார். இருட்டில் நெடுந்தூரம் நடந்தார். பொழுது விடியும் வேளையில் ஒரு வயல்வெளிக்கு வந்து சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாம் விழுந்து கிடந்த இடம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த குடியானவர் வீடும் நினைவில் இருந்தபடியே நின்றது. இடம் கிடைத்தது, கை கிடைக்கவில்லை.

இரண்டு திங்கள் கழித்தே அவர் பிராக் திரும்பினார். நண்பர்கள் தேடி அலைந்து கவலையுற்றிருந்தனர். அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பின் அயல்நாட்டுப் பயணம் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார். இழந்ததைத் தேடிப் போவதால் பயனில்லை. இருப்பதைப் பார்ப்பதற்கே ஓர் ஆயுள் போதாது என்று அவர் அறிந்துகொண்டதாகவே நாம் கொள்ளலாம். அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளும் அவர் பிராக் நகரத்தையும் தம் நாட்டையும் சுற்றியே வாழ்ந்தார்.

மரக்குடில்

1927-இல் அவர் மாலா ஸ்ட்ரானா என்னும் பழம்பகுதியில், ஊயெஸ்ட் தெருவில், ஒரு வீட்டின் முற்றத்தில் இருந்த சிறு மரக்குடிலுக்குக் குடிபுகுந்தார். முன்னமே ஒரு புகைப்பட நிலையமாகக் கட்டப்பட்ட குடில் அது. நாற்புறமும் உயர்ந்த வீடுகள். நடுவே ஒரு சிறு தோட்டம். வளைந்து நெளிந்த ஒரு மரம். தங்கை பொசேனா உடன் இருந்து இல்லத்தையும் இருட்டறை வேலையையும் கவனித்துக்கொண்டார். சூடெக் மணம் செய்துகொள்ளவில்லை.

பிழைப்புக்காகப் பதிப்பகம் ஒன்றுக்கு விளம்பரப் படங்கள் எடுத்தார். லாடிஸ்லாவ் சுட்னார் என்னும் கலைஞர் வடிவமைத்த கண்ணாடிக் கோப்பைகளையும் பீங்கான் தட்டுகளையும் அவர் எடுத்த படங்கள் பெயர் பெற்றன. ஒரு குவளையின் விளிம்பில் ஒளி எப்படி நிற்கிறது என்பதை அவர் அங்கே பயின்றார். கூலிக்குச் செய்த வேலையையும் அவர் கல்வியாக்கிக்கொண்டார்.

1939-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் ஹிட்லரின் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்தன. தெருவில் பெரிய காமிராவோடு நிற்பதே ஐயத்துக்கு இடமான காலம் வந்தது. சூடெக் என்ன செய்தார்? காமிராவைத் தம் குடிலின் சாளரத்தின் பக்கம் திருப்பினார். சாளரக் கண்ணாடியில் படியும் பனித்துளிகள், அதற்கு அப்பால் மங்கலாகத் தெரியும் மரம், சாளரத்தின் கீழ்க்கட்டையில் வைத்த தண்ணீர்க் கோப்பை, ஒரு முட்டை, ஒரு ரொட்டித் துண்டு, ஒரு ரோசா. 1940-இல் தொடங்கிய அந்த வரிசையை அவர் 1954 வரையில் தொடர்ந்தார். மழையிலும் பனியிலும் இளவேனிலிலும் அதே சாளரம். ஆனால் ஒரு படம் மற்றொன்று போல் இல்லை. கண்ணாடியின் இப்புறம் வெதுவெதுப்பு, அப்புறம் குளிர். இரண்டுக்கும் இடையே ஒரு மனிதனின் மூச்சு நீராகப் படிந்து நின்றது.

அதே 1940-இல் அவருடைய தொழில் முறையை மாற்றிய ஒன்று நிகழ்ந்தது. பிரான்சு நாட்டின் சார்த்ர் பேராலயத்துச் சிலை ஒன்றின் பழைய படத்தை அவர் கண்டார். 1900-ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்டது. 30-க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ளது. அது சிறு நெகடிவிலிருந்து பெரிதாக்கிய படம் அன்று. பெரிய நெகடிவைத் தாளின் மேல் நேராகப் பதித்து ஒளி காட்டி எடுத்த தொடு அச்சு. படத்தைப் பெரிதாக்கும்போது நுட்பமான சாயல்கள் சில கரைந்துபோகும். தொடு அச்சில் கல்லின் துகளும் தெரியும். நிழலுக்குள் இருக்கும் நிழலும் தெரியும். அன்று முதல் சூடெக் படங்களைப் பெரிதாக்குவதையே விட்டுவிட்டார். பெரிய படம் வேண்டுமா? பெரிய காமிராவைத் தூக்க வேண்டும். இரண்டு கை உள்ளவர்கள் சிறிய காமிராவுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கை உள்ளவர் பெரிய காமிராவுக்கு மாறினார்!

1945-ஆம் ஆண்டு மார்ச்சில், போர் முடியும் முன்பே, நண்பர் புங்கே இறந்தார். அவ்வாண்டே சோன்யா புல்லாட்டி என்னும் இளம்பெண் நாஜிகளின் முகாம்களிலிருந்து உயிர் தப்பிப் பிராக் திரும்பினாள். சூடெக் அவளைத் தம் உதவியாளராக ஏற்றுத் தொழிலைக் கற்பித்தார். பின்பு அவள் அமெரிக்கா சென்று தானும் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞரானாள். ஆசிரியரை மறக்கவில்லை. 1978-இல் நியூயார்க்கில் அவருடைய வாழ்வையும் படங்களையும் பற்றி அவள் வெளியிட்ட நூல், கடலுக்கு அப்பால் அவர் புகழைப் பரப்பியது.

நெடும்படங்கள்

1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. கலைஞன் என்ன படைக்க வேண்டும் என்று அரசு சொல்லத் தொடங்கியது. சுத்தியல் ஏந்திய தொழிலாளி, புன்னகை பூத்த உழவன், கொடி பறக்கும் ஊர்வலம் ஆகியவையே விரும்பப்பட்ட காட்சிகள். சூடெக் எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை. கேட்டதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கசங்கிய கோட்டோடு, தெருத் தெருவாக நடந்தார்.

அவருக்கு ஒரு பழைய காமிரா கிடைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோடாக் நிறுவனத்தார் செய்த பனோரமா காமிரா. அதன் லென்ஸ் ஓரிடத்தில் நில்லாமல் இடமிருந்து வலமாகச் சுழன்று, வளைத்து வைத்த பிலிமில் ஒரு நீண்ட காட்சியைப் பதிக்கும். படத்தின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 30. நாம் தெருமுனையில் நின்று தலையைத் திருப்பிப் பார்க்கும்போது காண்பதெல்லாம் அதில் அடங்கும். அருகில் உள்ள சுவர் வளைந்து தோன்றும். தொலைவில் உள்ள பாலம் நேராக நிற்கும். கையாளுவது எளிதன்று. பிறர் வேடிக்கைப் பொருளாகக் கருதிய அக்கருவியைக் கொண்டு சூடெக் ஒரு நகரத்தையே அளந்தார்.

1959-இல் வெளிவந்த பனோரமா பிராக் என்னும் நூலில் 284 நெடும்படங்கள் உள்ளன. பிற்காலத்தில், 1984-இல், நோபெல் பரிசு பெற்ற கவிஞர் யாரோஸ்லாவ் சைபர்ட்டின் கவிதை அதற்கு முகப்பாக அமைந்தது. கோட்டையும் பாலங்களும் வல்டாவா ஆறும் அதில் உண்டு. ஆனால் நூல் அங்கே நின்றுவிடவில்லை. நகரம் தேய்ந்து வயலாக மாறும் எல்லை வரையில் செல்கிறது. புகைபோக்கிகள், ரயில் தண்டவாளங்கள், மரவேலி, துணி உலர்த்தும் கொல்லை, தெருவிளக்குக் கம்பம், மழைநீர் தேங்கிய சாலை ஆகியவற்றுக்கும் கோட்டைக்குக் கொடுத்த அதே முப்பது சென்டிமீட்டர் இடத்தை அவர் கொடுத்தார். பெரியது சிறியது என்ற வேற்றுமை இல்லாத ஒரு பார்வை அது. பொதுவுடைமை என்னும் சொல்லுக்கு அப்படங்களில் ஒரு பொருள் இருந்தது என்று கூடச் சொல்லலாம்.

தெருப்படம் என்றால் தெருவில் நடமாடும் மனிதர் இருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். சூடெக்கின் படங்களில் மக்கள் குறைவே. அவர் அழகு கண்டது விடியலிலும் அந்தியிலும் பனிமூட்டத்திலும். அந்த மங்கலில் ஒளி பதிய நேரம் பிடிக்கும். நடப்பவர் பதியாமல் மறைவர். ஆனால் ஈரத் தெருவில் தேய்ந்து பளபளக்கும் டிராம் தண்டவாளமும், பூங்காவில் இழுத்துப் போட்ட நாற்காலியும், பனியில் விழுந்த காலடித் தடமும் மனிதரின்றி வந்தவை அல்ல. எழுந்து போனவரின் இருக்கையில் இன்னும் சூடு இருப்பதுபோல் அவர் படங்களில் மக்களின் வாழ்வு இருக்கிறது.

துயர நிலம்

1957 முதல் 1962 வரையில் அவர் அதே நெடும்படக் காமிராவைத் தூக்கிக்கொண்டு வடமேற்குப் பொஹீமியாவுக்குப் போய்வந்தார். மோஸ்ட் என்னும் பழைய நகரத்தைச் சுற்றிய அந்நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. நாட்டின் மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அது வேண்டும். எனவே மண்ணைப் பெயர்த்துப் பெரும் பள்ளங்கள் தோண்டினர். சிற்றூர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அரசுப் பத்திரிகைகள் அதை முன்னேற்றம் என்று கொண்டாடின. சூடெக் கண்டவை பட்டுப்போன மரங்கள், சாம்பல் நிற வானம், யாருமற்ற சாலை, தொலைவில் புகைபோக்கி வரிசை. அவற்றைத் துயர நிலம் என்று அழைத்தார்.

அவர் படமெடுத்த சில ஆண்டுகளில் பழைய மோஸ்ட் நகரத்தையே இடிக்க முடிவு செய்தனர். நகரம் முழுவதும் பெயர்க்கப்பட்டது. ஒரே ஒரு பழைய மாதா ஆலயத்தை மட்டும் 1975-இல் தண்டவாளங்களின் மேல் ஏற்றி, 841 மீட்டர் தூரம் மெல்ல நகர்த்திக் காப்பாற்றினர். அந்தத் துயர நிலப் படங்கள் தனி நூலாக வெளிவந்தது 1999-இல். எடுத்தவர் இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின். அந்த அரசு வீழ்ந்து பத்து ஆண்டுகளுக்குப் பின். மேடையில் முழங்கிய புள்ளிவிவரங்களை இன்று எவரும் தேடிப் படிப்பதில்லை. அந்நிலத்துக்கு நேர்ந்தது என்ன என்று அறிய விரும்புவோர் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

முதுமை

முதுமையிலும் அவர் குடில் வெறிச்சோடியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடுவர். இசைத்தட்டுகள் சுழலும். இசைத்தட்டுச் சேர்ப்பது அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம். செக் நாட்டின் இசைமேதை யானாச்செக்கை அவர் போற்றினார். அம்மேதை பிறந்த ஹுக்வால்டி என்னும் ஊருக்குப் பல முறை சென்று படமெடுத்தார். அவை 1971-இல் நூலாயின. கட்டடக் கலைஞர் ஓட்டோ ரோத்மயரின் தோட்டத்தில் அவர் எடுத்த படங்கள் வேறோர் உலகம்: வெள்ளை நாற்காலிகளும் நிலவொளியும் கனவுபோல் கலந்தவை. குடிலுக்குள்ளோ தாள்களும் பெட்டிகளும் நூல்கண்டுகளும் மலைபோல் குவிந்தன. அக்குவியலையும் அவர் படமாக்கினார். புதிர்வழிகள் என்று பெயரிட்டார்.

அரசு அவரை வருத்தவில்லை, சிறப்பும் செய்தது. 1961-இல் சீர்மிகு கலைஞர் என்னும் பட்டம் கிடைத்தது. 1966-இல் உழைப்பு விருது கிடைத்தது. இதைக் கொண்டு அவரைக் குறை கூறுவோர் உண்டு. 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சோவியத்துத் தலைமையில் வந்த படைகளின் டாங்கிகள் பிராக் தெருக்களில் உருண்டபோது, யோசெப் கூடெல்கா என்னும் முப்பது வயது இளைஞர் டாங்கிகளுக்கு நேரே நின்று படமெடுத்தார். அப்படங்கள் நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு, மறு ஆண்டு எடுத்தவர் பெயரின்றி வெளிநாட்டு இதழ்களில் வந்தன. 1970-இல் கூடெல்கா தாய்நாட்டை விட்டே போக நேர்ந்தது. எழுபத்திரண்டு வயதுச் சூடெக் அந்த நாள்களின் போராட்டத்தைப் படமெடுத்தவர் அல்லர்.

இருவரில் யார் உயர்ந்தவர் என்று தராசில் வைத்துப் பார்ப்பது எளிது, பொருத்தமன்று. கூடெல்காவின் துணிவு இல்லையேல் அந்த ஆகஸ்டு வாரத்தின் உண்மை உலகுக்குத் தெரிந்திராது. அதே போல், அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் இருந்த ஆயிரக்கணக்கான வாரங்களும் உண்மையே. அந்த வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது, விளக்கு எரிந்தது, ரொட்டி மேசையில் இருந்தது. ஆட்சிகள் தங்களுக்கு வேண்டிய நாள்களை மட்டும் விழாவாக எழுதிவைத்துக்கொள்ளும். எஞ்சிய நாள்கள் மக்களுடையவை. அவற்றை ஒருவர் காத்துவைக்க வேண்டும். சூடெக் காத்துவைத்தார். பொய் சொல்லும்படி கேட்ட காலத்தில் தம் படத்தில் பொய் புகவிடாமல் இருந்ததும் ஒரு துணிவே.

1976-ஆம் ஆண்டு அவருக்கு எண்பது வயது நிறைந்தது. பிராகிலும் பிருனோவிலும் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்துப் பெருமை செய்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். பிறந்த ஊரான கோலினிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின்

ஊயெஸ்ட் தெருவின் மரக்குடில் 1985-இல் தீக்கு இரையாயிற்று. நல்ல வேளையாக, படங்கள் அதனோடு அழியவில்லை. அவற்றில் பெரும்பகுதி பிராக் அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலும் பிற நிலையங்களிலும் போற்றப்படுகிறது. ஆட்சி மாறியபின், 2000-ஆம் ஆண்டில், அதே முற்றத்தில் அதே அளவில் குடிலை மீண்டும் கட்டிப் புகைப்படக் காட்சிக்கூடமாக்கினர்.

பிராக் இன்று உலகத்தார் வந்து குவியும் நகரம். 1992-இல் அதன் பழம்பகுதி உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பாலத்தில் நின்று ஒரு நாளில் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்தவரே மறுமுறை பார்ப்பதில்லை. சூடெக்கோ ஒரு சாளரத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் கொடுத்தார்.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு இந்த வாழ்க்கையில் கற்க வேண்டியது உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி பேசும் நகரத்தில் சில ஆண்டுகள் தங்கிப் படிக்கிறோம். விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு தெரு இருக்கிறது. அதில் தேநீர்க் கடைக்காரர் அடுப்பு மூட்டும் வேளை எது, சைக்கிள் பழுது பார்ப்பவர் எந்த மரத்தடியில் அமர்கிறார், மழைக்குப் பின் அந்த வழி என்ன நிறம் கொள்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? நம் ஊர் அன்று என்று எண்ணி அதைப் பாராமலே கடந்து, படிப்பு முடிந்ததும் ரயில் ஏறிவிடுகிறோம். காமிரா இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. தூக்க வேண்டிய பாரம் இல்லை. பற்களால் பிடிக்க வேண்டிய தகடும் இல்லை. இரண்டு கைகளும் இருக்கின்றன. நாம் படிக்கும் நகரத்தில் ஒரு தெருவையாவது, வெயிலிலும் மழையிலும் பனியிலும், திரும்பத் திரும்பச் சென்று பார்ப்போமாக. ஒரு கை உடையவர் ஒரு நகரத்துக்குச் செய்ததில் அது ஒரு சிறு பங்கேனும் ஆகும்.